சுகிர்தா கொடுத்த மாத்திரை

உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே யார் நிலத்தில் நடவு என்றாலும் முதலில் சுகிர்தாவுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். பதினெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு விடிந்ததும் சேற்றில் இறங்கினால், பொழுது சாய்வதற்குள் இரண்டரை ஏக்கர் பச்சையாகிவிடும். நடவு மெஷின் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் "சுகிர்தா வரட்டும்" என்று இரண்டு நாள் பொறுத்திருக்கிறவர்கள் உண்டு. ஏழு ஏக்கர் வைத்திருக்கும் வேதாசலம் அப்படிப்பட்டவர். அவருக்கு ஊரில் ஒருத்தர் வேலையும் பிடிக்காது. சுகிர்தாவின் நடவில் மட்டும் குறை சொல்ல வாய் வராது.

நாற்பத்தாறு வயசு. வேலையில் கறார், வாயில் காரம். குனிந்த பெண் நிமிர்ந்தால் "இன்னாடி, மானத்துல இன்னா எழுதிக்கீது, படிக்கிறியா?" என்று கேட்பாள். பேச்சு அப்படித்தான் இருக்கும். ஆனால் காலையில் வரப்பில் நின்று ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, உள்ளங்கையில் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்து, டீ ஊற்றிக் கொடுத்து, முழுங்கின பிறகுதான் வயலில் இறங்கவிடுவாள். அதில் தாய் மாதிரி ஒரு கரிசனம் இருக்கும்.

பொட்டலத்தில் இருந்தது செட்டு மாத்திரை. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் மெடிக்கல் வைத்திருக்கும் கோபால் கட்டிக் கொடுப்பது. பழைய பேப்பர் துண்டில் மூன்று மாத்திரைகள்: ஒரு மஞ்சள், ஒரு ரோஸ், அப்புறம் மிளகளவில் ஒரு குட்டி வெள்ளை. நாள் முழுக்கக் குனிந்து நடுகிற இடுப்புக்கு அதுதான் எண்ணெய், அதுதான் ஒத்தடம். மஞ்சளும் ரோஸும் சும்மா துணைக்கு, வேலை செய்வது குட்டி வெள்ளைதான் என்று பெண்களுக்கு நன்றாகத் தெரியும். அது என்ன மருந்து என்று மட்டும் யாருக்கும் தெரியாது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கிறான் என்பதால் கோபால் ஒன்றே ஒன்று கேட்டிருந்தான்: "யக்கா, ஆஸ்பத்திரி பக்கம் போனா என் பேரை இஸ்துடாதீங்க."

அந்தப் பதினெட்டில் ஒருத்தி ஷீபா, சுகிர்தாவின் கூடப் பிறந்த தங்கை. பதினைந்து வயசு இளையவள். அம்மா செத்தபோது ஷீபாவுக்கு நாலு வயசு. அன்றிலிருந்து சோறு ஊட்டியதும், சர்ச்சில் பெஞ்சமினுக்குக் கட்டிக் கொடுத்ததும் சுகிர்தாதான். சுகிர்தாவின் புருஷன் பெங்களூருக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். ஆக, இவளுக்கென்று உலகத்தில் இருந்த ஒரே உறவு ஷீபா. பயிர் வைப்பதில் ஷீபாவின் கை தனி. கயிறு பிடிக்காமலே வரிசை நேராக வரும். கட்டை விரலும் இரண்டு விரலும் சேற்றில் போய் வருவது கண்ணுக்கே தெரியாது.

மார்கழியில் ஷீபாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று சுடும். பனி என்றாள் சுகிர்தா. காலையில் ஒரு செட்டு, சாயங்காலம் ஒரு செட்டு என்று கொடுத்தாள். தலைவலி பறந்துவிட்டது, ஜுரமும் விட்டது. "பாத்தீங்களாடி, உங்க அக்கா பாதி டாக்டரு" என்று பெண்களிடம் பெருமையடித்துக்கொண்டாள். ஷீபா சிரித்தாள். ஆனால் ஜாக்கெட் தோளில் தொளதொளக்க ஆரம்பித்திருந்தது. சோறு வேண்டாம் என்றாள். மாத்திரை போட்டால் வலி இல்லை, போடாவிட்டால் மண்டையைப் பிளந்தது. மூன்று வாரம் இப்படியே ஓடியது.

தை பிறந்து நாலாம் நாள், வேதாசலத்தின் ஏரிக்கரை நிலத்தில் நடவு. பத்து மணி நாஷ்டாவுக்குக் கரையேறும்போது ஷீபா மட்டும் ஏறவில்லை. நட்ட வரிசைக்குத் திரும்பிப் போய், நாற்றைப் பிடுங்கி, அதே இடத்தில் மறுபடியும் நட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏய் ஷீபா, இன்னாடி பண்ணிக்கினு கீறே?"

ஷீபா நிமிர்ந்தாள். கண் இரண்டும் ஒரு பக்கமாகப் பார்க்கவில்லை. "அக்கா, இது யார் கயினி? நம்ம எதுக்கு இங்க வந்தோம்?" என்றாள். பிறகு வயிற்றில் இருந்த டீ முழுக்க வாந்தியாக வந்து தண்ணீரில் கலந்தது.

சுகிர்தா மறுபடியும் சேற்றில் இறங்கி ஓடி அவளைத் தாங்கிப் பிடித்தாள்.

பெஞ்சமினிடம் குட்டி யானை வண்டி ஒன்று உண்டு. நெல் மூட்டை ஏற்றுகிற அதே வண்டியில் கோணியை விரித்து, சேறு காய்ந்த காலோடு ஷீபாவைப் படுக்கவைத்து ஓட்டினான். உத்திரமேரூரில் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஓரிக்கை தாண்டும்போது ஷீபா தன் புருஷன் பெயர் என்ன என்று கேட்டாள். வண்டியோட்டுகிறவன் காதில் விழக்கூடாதே என்று சுகிர்தா அவள் வாயைப் பொத்தினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் திவ்யா முப்பது வயசுக்காரி. படபடவென்று கேள்வி கேட்டாள். எத்தனை நாளாகத் தலைவலி, இருமல் உண்டா, வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்று விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்டாள்: "வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டாங்களா? கடையில வாங்கினது, யாராவது குடுத்தது?"

சுருக்குப்பை சுகிர்தாவின் இடுப்பில் இருந்தது. அதில் அன்றைக்கு மிஞ்சிய ஒரு பொட்டலமும் இருந்தது. பக்கத்தில் பெஞ்சமின் நின்றான். கோபாலின் முகம், வரப்பில் கை நீட்டி நிற்கும் பெண்களின் முகம், எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் வந்து நின்றன.

"இல்லம்மா. ஒரு மாத்திரையும் கெடையாது" என்றாள்.

அந்தப் பொய் எவ்வளவு பெரியது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டாள் என்றுதான் நான் நம்புகிறேன்.

ஷீபாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுத்தண்டில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். முதுகுத் தண்ணீர் எடுத்தால் கால் விழுந்துவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பெஞ்சமின் கதவோரம் நின்று ஜெபம் பண்ணினான். சுகிர்தா பண்ணவில்லை. பொய் சொன்ன வாயால் எப்படி ஜெபிப்பது?

மறுநாள் மதியம் ரிசல்ட் வந்தது. டாக்டர் திவ்யா பேப்பரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "மூளைக் காய்ச்சலா இருக்கும்னு நெனச்சேன். அப்படி இருந்தா இந்தத் தண்ணியில வெள்ளை அணுக்கள் நெறைய இருக்கணும். இவங்களுக்கு விரல் விட்டு எண்ணலாம். ஜுரம் இல்ல, கழுத்து இறுக்கம் இல்ல. ஸ்கேன்லயும் பெருசா ஒண்ணும் தெரியல. மனசு சம்பந்தப்பட்டதான்னு பார்க்கணும். நாளைக்கு மனநல வார்டுக்கு மாத்திடறேன்."

பெஞ்சமின் சுவரில் சாய்ந்துவிட்டான். கட்டிலில் ஷீபா கூரையைப் பார்த்துக்கொண்டு, இல்லாத நாற்றை விரலால் கிள்ளி இல்லாத சேற்றில் வைத்துக்கொண்டிருந்தாள்.

சுகிர்தாவுக்கு டாக்டர் சொன்னதில் ஒன்று மட்டும் தைத்தது. ஜுரம் இல்லை. ஏன் இல்லை? இருந்ததே! மாலை மாலை சுட்டதே! அதை நிறுத்தியது யார்?

டாக்டர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள். சுகிர்தா போய் அந்தப் பேப்பர் மேல் கையை வைத்தாள்.

"அம்மா, நான் பொய் சொல்ட்டேன்" என்று சுருக்குப்பையை அவிழ்த்துப் பொட்டலத்தைப் பிரித்தாள். "இதைத்தான் குடுத்தேன். மூணு வாரமா. ஒரு நாளைக்கு ரெண்டு."

டாக்டர் மற்ற இரண்டையும் ஒதுக்கிவிட்டு, குட்டி வெள்ளையை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஸ்டீராய்டு" என்றாள். கோபம் வரும் என்று சுகிர்தா காத்திருந்தாள். டாக்டரோ எழுதின வரியை அடித்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டு, முதுகுத் தண்ணீரை டிபி மெஷினுக்கு உடனே அனுப்பச் சொன்னாள். பெஞ்சமின்தான் வெடித்தான்.

"இன்னாக்கா இது? டாக்டரம்மா நேத்தே கேட்டாங்களே, அப்போ வாயில இன்னா வச்சிக்கினு இருந்தே?"



மெஷின் ரிசல்ட் மறுநாள் காலையில் வந்தது. டிபி. நெஞ்சில் வருகிற டிபி இல்லை, மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வில் வருகிற டிபி. இன்னும் நாலு நாள் தாமதித்திருந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்றாள் டாக்டர்.

"அந்த அணு கம்மியா இருந்துச்சின்னு சொன்னீங்களேம்மா, அது இன்னா? மாத்திரைக்கும் அதுக்கும் இன்னா?" என்று சுகிர்தா கேட்டாள். படிக்காதவள் கேட்கிறாளே என்று அலுத்துக்கொள்ளாமல் டாக்டர் உட்கார்ந்து சொன்னாள்.

"கிருமியைப் பிடிக்கிற அணுக்கள் ரத்தத்துல சுத்திக்கிட்டே இருக்கும். கையில காயம்னா உடனே போயிடும். மூளைக்குள்ள மட்டும் அப்படிச் சும்மா நுழைய முடியாது. அங்க ரத்தக் குழாயோட சுவர் ரொம்ப நெருக்கம். உள்ள கிருமி வந்தா ஒரு சேதி வெளியே வரும். சேதி கிடைச்ச அணுக்கள் குழாய்ச் சுவத்துல ஒட்டி, இடுக்கு பார்த்து, உடம்பை ஒடுக்கிக்கிட்டு உள்ள போய் சண்டை போடும். அந்தச் சண்டையாலதான் ஜுரமும் வலியும். உங்க மாத்திரை சேதியை அமுக்கிடுச்சு. அணுக்கள் வரல, சண்டை நடக்கல. வலி நின்னுச்சு. கிருமி நிக்கல."

சுகிர்தாவுக்கு மதகு ஞாபகம் வந்தது. கீழே வயல் காய்கிறது, தண்ணீர் கேட்டு ஆள் போகிறான், போகிற வழியிலேயே அவன் வாயை யாரோ பொத்திவிடுகிறார்கள். மதகு மூடியே கிடக்கிறது. வாயைப் பொத்தியது தான்தான் என்று நினைத்தபோது அவள் நெஞ்சு வெந்தது. இனிமேல் சாகிற வரைக்கும் அந்தக் குட்டி வெள்ளையைக் கையால் தொடுவதில்லை என்று கர்த்தர் மேல் ஆணையிட்டுக்கொண்டாள்.

அந்த ஆணைதான் அடுத்த வினை.

ஷீபா பத்து நாளில் புருஷனை அடையாளம் கண்டாள். மூன்று வாரத்தில் எழுந்து நடந்தாள். டிஸ்சார்ஜ் ஆன அன்று சுகிர்தா ஆஸ்பத்திரியில் இல்லை. மீதி நிலத்தையும் நட்டுத் தரச் சொல்லி வேதாசலம் ஆள் மேல் ஆள் விட்டதால் போயிருந்தாள். டாக்டர் சொன்னதையெல்லாம் பெஞ்சமின்தான் கேட்டுக்கொண்டு வந்தான். அவன் வண்டிக்குப் போய்விட்டால் பகலில் ஷீபாவைப் பார்த்துக்கொள்வது சுகிர்தா. அதனால் மாத்திரைப் பையை அவள் கையில் கொடுத்தான்.

"எல்லாத்தையும் தப்பாம குடுக்கச் சொன்னாங்க. ஒண்ணு கூட நிறுத்தக் கூடாதாம்."

பையைக் கவிழ்த்தாள். பெரிய சிவப்பு மாத்திரைகள். அவற்றோடு ஒரு பட்டையில் வரிசையாகக் குட்டி வெள்ளை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. "இது இன்னா?" என்று கேட்டாள். "அதுவும்தான்" என்றான் பெஞ்சமின், வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே. இவனுக்கு என்ன தெரியும், மருந்து கொடுக்கிற இடத்தில் ஆள் மாறிக் கொடுத்திருப்பார்கள் என்று அவள் முடிவு கட்டினாள். டாக்டரே வாயால் சொன்னதைக் காதால் கேட்டவள் அல்லவா அவள்! அரைக்கிணறு தாண்டினவளுக்குத்தான் எப்போதும் தைரியம் அதிகம். பட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கச் சாக்கடையில் போட்டு, குச்சியால் அழுத்தினாள். சிவப்பை மட்டும் எண்ணிக் கொடுத்தாள். ஷீபா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலை. ஷீபா கஞ்சி டம்ளரை எடுத்தாள். டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனாள், வலது கை வரவில்லை. "அக்கா, தலை வெடிக்கிது" என்றவள் அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள்.

பெஞ்சமின் வாலாஜாபாத் பக்கம் லோடு இறக்கப் போயிருந்தான். அவன் வருகிற வரைக்கும் காத்திருக்க நேரம் இல்லை. சுகிர்தா தெருவில் ஓடி நடவுக்கார சிட்டம்மாளின் மகன் ஆட்டோவை மறித்தாள். வழி முழுக்க ஷீபாவின் தலை மடியில். ஓரிக்கை வருவதற்குள் இரண்டு தரம் வலிப்பு வந்தது. "ஷீபா, என்னைப் பாருடி, அக்காவைப் பாரு" என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தாள். இந்த முறை என்ன தப்பு நடந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் தப்பு தன்னுடையது என்பது மட்டும் புரிந்துவிட்டது.

டாக்டர் திவ்யா ஓடி வந்தாள். அவள் கேட்பதற்கு முன்னால் சுகிர்தா சொன்னாள். "அம்மா, வெள்ளை மாத்திரையை நான் குடுக்கல. அஞ்சு நாளாச்சு. சாக்கடையில போட்டுட்டேன். நீங்கதான் அது கெட்டதுன்னு சொன்னீங்க."

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டாள். பிறகு ஊசி மருந்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அந்தக் கதவுக்கு வெளியே சுகிர்தா உட்கார்ந்திருந்த நாலு மணி நேரத்தைப் பற்றி யாரிடமும் அவள் பேசியதில்லை. பெஞ்சமின் வந்தான். திட்டுவான், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நினைத்தாள். அவன் நாலு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தான். அது அடியை விட வலித்தது.

பொழுது சாயும்போது டாக்டர் வெளியே வந்தாள். "உயிருக்கு இப்போ பயமில்ல" என்றாள். பிறகு சுகிர்தா பக்கம் திரும்பினாள். "முதல்ல நடந்ததை மட்டும்தான் உங்களுக்குச் சொன்னேன். மீதியைச் சொல்லாதது என் தப்பு. டிபி மருந்து கிருமியைக் கொல்லும்போது செத்த கிருமி சிதறும். அதைப் பார்த்து அணுக்கள் கூட்டம் கூட்டமா மூளைக்குள்ள பாயும். வீங்கும். மண்டை ஓடு விரிஞ்சு குடுக்காது, மூளைதான் நசுங்கும். அதுக்குத்தான் கிருமி மருந்தோட சேர்த்து இதை அளவா குடுத்து, வாரா வாரம் குறைக்கிறோம். தனியா, கண்டபடி குடுத்தா கிருமிக்குக் காவல். மருந்தோட அளவா குடுத்தா மூளைக்குக் காவல்."

சுகிர்தா தலையில் அடித்துக்கொண்டாள். மதகை மூடினால் பயிர் காயும். ஒரேயடியாகத் திறந்துவிட்டால் நேற்று நட்ட நாற்று வேரோடு மிதக்கும். பன்னிரண்டு வயசில் சேற்றில் இறங்கியவளுக்கு இது தெரியாதா? தண்ணீரை அளவாகக் கட்டு என்று எத்தனை பேரிடம் சண்டை போட்டிருப்பாள்!

மூன்றாம் நாள் ஷீபா பேசினாள். குரல் நூல் மாதிரி இருந்தது. சுகிர்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் நாள் பொட்டலத்திலிருந்து சாக்கடை வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லி அழுதாள்.

"எனக்கு இன்னாக்கா தெரியும்" என்றாள் ஷீபா. "நீ குடுத்தே, முழுங்கினேன். இன்னான்னு என்னிக்கிக் கேட்டுக்கீறேன்?"

அவள் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் சுகிர்தாவால் அதைத் தாங்க முடியவில்லை.

ஷீபாவின் வலது கை முழுசாகத் திரும்பவில்லை. தோள் வந்தது, முழங்கை வந்தது. கட்டை விரலும் பக்கத்து இரண்டு விரலும் மட்டும் சேரமாட்டேன் என்றன. பயிற்சி செய்தால் வரலாம், உறுதி சொல்ல முடியாது என்றாள் டாக்டர். நாற்றைப் பிடிக்க வேறு எந்த விரலைக் கொண்டு போவது?

அடுத்த நடவுக்கு வரப்பில் நின்ற பெண்கள் வழக்கம்போலக் கை நீட்டினார்கள். சுகிர்தா டீ மட்டும் ஊற்றினாள். "பொட்டலம் கெடையாது. வலி தாங்கலன்னா ஆஸ்பத்திரிக்கிப் போய்ச் சீட்டு எழுதி வாங்குங்க. வேலை நேரம் ரெண்டு மணி கம்மி பண்ணிக்கலாம்" என்றாள். சிட்டம்மாள் முணுமுணுத்தாள். ஏழு பேர் வேறு மேஸ்திரியிடம் போனார்கள். கோபால் எதிரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பதினொரு பேரோடு ஒரு ஏக்கருக்கு மேல் நட முடியவில்லை. வேதாசலம் முதல் முறையாகச் சுகிர்தாவின் வேலையில் குறை சொன்னார். 

தினமும் காலையில் வயலுக்குப் போகும் முன் ஷீபா வீட்டுக்குப் போவாள். ஆஸ்பத்திரிச் சீட்டைச் சுவரில் ஒட்டியிருந்தாள். அதைப் பார்த்து, பெஞ்சமினை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, எண்ணி எடுப்பாள்.

குட்டி வெள்ளை பாதியாகி, பாதி கால் ஆன வாரம் அது. பங்குனி வெயில் காலையிலேயே ஏறியிருந்தது. சுகிர்தா மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். ஷீபா வாயைத் திறக்கவில்லை. இடது கையால் மாத்திரையை எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"இது இன்னாத்துக்குக்கா?"

இருபத்தேழு வருஷத்தில் அக்கா கொடுத்த எதைப் பற்றியும் தங்கை கேட்ட முதல் கேள்வி அது.  தன் கையை ஷீபா இனிமேல் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டாள் என்பது வலித்தது, இனிமேல் தப்பித்துக்கொள்வாள் என்பது நிம்மதியாக இருந்தது. இரண்டையும் முழுங்கிக்கொண்டு சுகிர்தா பதில் சொன்னாள். அணுக்கள் எப்படிப் போகும், எதற்கு அவற்றைக் கொஞ்சம் பிடித்துவைக்க வேண்டும், இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

ஷீபா கேட்டு முடித்துவிட்டு, பட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்து, சுவரில் இருந்த சீட்டோடு ஒத்துப் பார்த்தாள். பிறகுதான் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.